நோயாளியிடமும் ஒரு வார்த்தை

2024 நவம்பரில், சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தம் தாய்க்கு அளிக்கப்பட்ட சிகிச்சையில் அதிருப்தியுற்ற இளைஞர் ஒருவர், புற்றுநோய் மருத்துவரைப் பணியிடத்திலேயே கத்தியால் குத்திய செய்தி தமிழகத்தை உலுக்கியது. மருத்துவர் உயிர் பிழைத்தார். அந்தக் கொடுஞ்செயலுக்கு எவ்விதச் சமாதானமும் கிடையாது. ஆயினும் அதையடுத்தும், ஆஸ்பத்திரிகளில் நிகழும் ஒவ்வொரு கைகலப்பையடுத்தும், நாம் பேசுவதெல்லாம் காவலர்களையும் கேமராக்களையும் வாயிற்சோதனையையும் பற்றியே. அவை அவசியந்தான். வாயிலைக் கடந்து உள்ளே சென்றபின் நடக்கவேண்டிய ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை: நோயாளிக்கு என்ன வந்திருக்கிறது, அதற்கு என்னென்ன வழிகள் உண்டு, அவற்றுள் எது அவருக்குச் சம்மதம் என்பதை அவரோடு உட்கார்ந்து பேசும் காரியம்.

வன்முறை அனைத்துக்கும் விளக்கக் குறைவே காரணம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. கத்தி எடுப்பவனுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். நான் கவலைப்படுவது கத்தி எடுக்காத கோடிக்கணக்கான ஜனங்களைப் பற்றி. ஒன்றும் விளங்காமல் உள்ளே போய், ஒன்றும் விளங்காமல் வெளியே வருகிறவர்களைப் பற்றி.

விளக்கிச் சொல்வது டாக்டரின் குணவிசேஷம், நேரமிருந்தால் காட்டவேண்டிய உபசாரம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சிகிச்சையின் ஓர் அங்கம் என்பதே என் அபிப்பிராயம். இருமல் நின்றதும் காசநோய் மாத்திரையைக் கைவிடுகிறவரையும், பிரஷர் நார்மல் என்று சொல்லப்பட்ட அன்றே மாத்திரைப் பொட்டலத்தைப் பரணில் போட்டுவிடுகிறவரையும் பாமரர் என்று கடிந்துகொள்வது எளிது. கிருமி முற்றாக ஒழிய ஆறு மாதம் ஆகும் என்றோ, மாத்திரை சாப்பிடுவதனால்தான் பிரஷர் நார்மலாக இருக்கிறது என்றோ ஒற்றை வாக்கியம் அவர்களிடம் சொல்லப்பட்டதா என்று விசாரித்தால், பெரும்பாலும் இல்லையென்றே விடை வரும். சொல்லப்படாத அந்த வாக்கியத்தின் விலை, திரும்பி வரும் காசநோயாகவும், ஒரு நாள் காலையில் செயலிழக்கும் கைகாலாகவும் குடும்பத்தின் தலையில் வந்து விடிகிறது.

கூட யார் வந்திருக்கிறார்கள்?

மாவட்டத் தலைமை மருத்துவமனையொன்றின் மகளிர் பிரிவில், உறவினர் ஒருவருக்குத் துணையாகச் சென்று காத்திருந்தபோது கண்ட காட்சி இது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும் பழைய ஓ.பி. சீட்டுகளும் திணித்த துணிக்கடைப் பையொன்றை மடியில் இடுக்கிக்கொண்டு, மேஜையருகே ஸ்டூலில் அமர்ந்திருந்தார். மாதக்கணக்கில் உதிரப்போக்கு நிற்காமல் அவதிப்பட்டவர் என்பது முகத்தின் வெளிறலிலேயே தெரிந்தது. ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்த டாக்டரம்மாள் கேட்ட முதற்கேள்வி, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்பது.

வாசலில் நின்றிருந்த கணவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "கட்டி இருக்குங்க. கர்ப்பப்பையை எடுத்துடறது நல்லது. திங்கக்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்க" என்று அவரிடம் சொல்லப்பட்டது. "சரிங்கம்மா, நீங்க பாத்துச் செய்ங்க" என்று அவர் கும்பிட்டார். அடுத்த டோக்கன் கூப்பிடப்பட்டது.

இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட நர்ஸை நிறுத்தினார்.

"சிஸ்டர், டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஆபரேசன்ம்மா. பயப்படாதீங்க, எல்லாம் நல்லாயிடும்."

"எத்தனை நாள் கழிச்சு நடவுக்குப் போகலாம் சிஸ்டர்? குடம் தூக்கலாமா?"

நர்ஸ் கையில் இருந்த ஊசித்தட்டோடு அடுத்த அறைக்கு விரைந்துகொண்டிருந்தார். கேள்வி தாழ்வாரத்தோடு நின்றது.

இதில் துஷ்டர் எவருமில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். டாக்டரம்மாள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அவர் சொன்ன சிகிச்சை முற்றிலும் சரியானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் புற்றல்லாத சாதாரணக் கட்டியினால் வரும் உதிரப்போக்குக்குப் பல பரிகாரங்கள் உண்டு. மாத்திரைகளால் கட்டுப்படுத்திப் பார்க்கலாம், கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனம் உண்டு, சிலருக்குக் கட்டியை மட்டும் அகற்றிவிடலாம், மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர், அப்போது கட்டி பெரும்பாலும் தானே சுருங்கும் என்பதறிந்து, கண்காணிப்போடு காத்திருக்கலாம், கருப்பையை எடுத்துவிடலாம். எடுக்கும்போது சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பதா, விட்டுவைப்பதா என்பது தனிப் பிரச்சினை. அவற்றையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நின்ற நிலை ஒரே நாளில் வந்து சேரும்; உடம்பு திடீர்த் திடீரென்று அனலாய்க் கொதிக்கும்; எலும்பு விரைவில் வலுவிழக்கும்.

இவற்றுள் எது உத்தமம் என்பதை ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. நடவு வேலை எத்தனை நாள் போனால் வீடு தாங்கும், குடிதண்ணீர்க் குழாய் எத்தனை தூரத்தில் இருக்கிறது, வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, மாதாமாதம் வந்து மாத்திரை வாங்கிப் போக பஸ் வசதி உண்டா என்பனவெல்லாம் அந்தத் தீர்மானத்துக்கு வேண்டிய சங்கதிகள். அவற்றை அறிந்தவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் ஒருவரே. அவரைத் தவிர மற்ற இருவரும் கூடித் தீர்மானம் செய்துவிட்டார்கள்.

வரிசையில் கடைசி

திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கும்போது நோயுற்றவரை முதலிலும், தீர்ப்பவரை அடுத்தும், பிறகு மருந்தையும், அருகிருந்து அதைக் கொடுப்பவரையும் வைக்கிறது. சரக சம்ஹிதையும் சிகிச்சைக்கு நான்கு கால்கள் என்றே சொல்கிறது. அங்கே வைத்தியர் முதற்காலாகவும் ரோகி கடைசிக் காலாகவும் நிற்கிறார். வள்ளுவரின் வரிசை யாப்பின் நிர்ப்பந்தத்தால் நேர்ந்தது என்று புலவர்கள் சொல்லக்கூடும், இருக்கட்டும். நம் ஆஸ்பத்திரிகள் எந்த வரிசையைக் கைக்கொண்டிருக்கின்றன என்பதைக் கண்டுகொள்ளப் புலமை வேண்டியதில்லை.

சட்டத்தின் வரிசையும் அப்படித்தான் இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ஆம் ஆண்டு பிறப்பித்த நன்னடத்தை விதிகள் (இவற்றுக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் வெளியான புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட, பழையனவே மீண்டும் நடைமுறைக்கு வந்தன) அறுவைக்கு முன் யாரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெறவேண்டும் என்று கூறுமிடத்தில், கணவர் அல்லது மனைவி, சிறாராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், அதற்கும் பின்னரே, நிலைமைக்கேற்ப, நோயாளி என்று அடுக்குகின்றன. சொந்த வயிற்றை அறுக்கச் சம்மதம் தரவேண்டியவர் பட்டியலின் வாலில் தொங்குகிறார்.

விதியில் இப்படியென்றால் வழக்கத்தில் எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், வயதுவந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும் என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறியிருந்தும், கணவர் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பும் இடங்கள் இன்னமும் உண்டு.

சம்மதப் படிவத்தின் கதை இதனினும் விசித்திரமானது. தள்ளுவண்டியில் படுக்கவைத்து, ஆபரேஷன் உடுப்பும் மாட்டிய பிறகு, ஓர் இளம் பயிற்சி டாக்டர் பேனாவோடு வந்து நிற்பார். படிவத்தில், எனக்குப் புரியும் மொழியில் யாவும் விளக்கப்பட்டன என்ற வாசகம் இருக்கும். பல இடங்களில் அந்த வாசகமே ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை விழும். ஆஸ்பத்திரியின் கோப்பு பூர்த்தியாகிவிடும்.

ஒரு தாயின் கையெழுத்து

இந்த வழக்கத்தை உச்ச நீதிமன்றம் ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்தது. 1995ஆம் ஆண்டு மே மாதம், நீடித்த உதிரப்போக்குக்காக டெல்லியில் ஒரு கிளினிக்குக்குச் சென்ற 44 வயதுடைய, மணமாகாத பெண் ஒருவர், நோயைக் கண்டறிவதற்கான லேப்ராஸ்கோப்பிப் பரிசோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்தை ஏற்றுக்கொண்டார். அவர் நினைவற்றுக் கிடக்கையில், உதவி டாக்டர் வெளியே வந்து, அங்கே காத்திருந்த தாயாரிடம் கருப்பையை அகற்றுவதற்குக் கையெழுத்து வாங்கினார். கண்விழித்தபோது அந்தப் பெண்ணுக்குக் கருப்பையும் இல்லை, சினைக்குழாய்களும் இல்லை, சினைப்பைகளும் இல்லை.

சமீரா கோலி வழக்கு எனப் பெயர்பெற்ற இதில் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. அறிவுத் தெளிவுள்ள வயதுவந்த ஒருவர் தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கிறார் என்பதனால் அவருக்காகத் தாயார் சம்மதம் தந்துவிட முடியாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதமாகாது. உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் தெளிவாக உரைத்தார்கள். சிகிச்சை எத்தகையது, அதன் பயன் என்ன, மாற்றுவழி உண்டா, கணிசமான அபாயங்கள் எவை, வேண்டாமென்று மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றைச் சொல்லிப் பெறுவதே மெய்யான சம்மதம் என்று இலக்கணமும் வகுத்தார்கள். டாக்டர் நல்லெண்ணத்தோடுதான் நடந்தார் என்பதையும் ஒப்புக்கொண்டு, 25,000 ரூபாய் நஷ்டஈடு விதித்தார்கள். பன்னிரண்டரை வருஷப் போராட்டத்துக்கு அந்தத் தொகை.

நம் தேசத்துக்கு இது ஒரு முன்னேற்றமே, சந்தேகமில்லை. ஆனால் அதே தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லாத ஓர் இடமும் உண்டு. எவ்வளவு தகவல் சொல்லவேண்டும் என்பதை நோயாளியின் தேவையைக் கொண்டு அளக்கும் அமெரிக்க முறையை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொறுப்புள்ள மருத்துவர்கள் போதுமென ஒப்பும் அளவே போதும் என்றது. அதற்கு அது காட்டிய காரணங்களுள் ஒன்று, இங்கே சிகிச்சைக்கு வருவோரில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குன்றியவர்கள், மருத்துவக் கருத்துகளைக் கிரகிக்க இயலாதவர்கள் என்பது.

படிக்கத் தெரியாதவருக்குப் புரிந்துகொள்ளவும் தெரியாது என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? மழை எப்போது வரும், எந்த நிலத்துக்கு எந்த விதை, வட்டி ஏறினால் ஆடியில் என்ன ஆகும், சீட்டை இந்த மாதம் தள்ளி எடுப்பதா அடுத்த மாதம் எடுப்பதா என்று வாழ்நாள் முழுதும் நஷ்ட சாத்தியங்களை எடைபோட்டே முடிவெடுத்துப் பழகிய ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு, நூறு பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தால் இத்தனை பேருக்கு இன்ன உபத்திரவம் வரும் என்பது விளங்காது என்று நான் நம்பவில்லை. விளங்காதது நாம் பேசும் பாஷை. அதை மாற்றவேண்டிய பொறுப்பு பேசுகிறவருடையது.

எந்த ஆங்கிலேய அளவுகோலை நம் நீதிமன்றம் பெரிதும் தழுவிற்றோ, அந்த அளவுகோலை ஆங்கிலேயரே பிற்பாடு கைவிட்டுவிட்டனர். ஸ்காட்லாந்தில், நீரிழிவுள்ள, குள்ளமான ஒரு கர்ப்பிணிக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் சாத்தியம் நூற்றுக்கு ஒன்பது பத்து உண்டென்பது டாக்டருக்குத் தெரிந்திருந்தும் சொல்லப்படவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பார் என்பதே சொல்லாமைக்குக் காரணம். 1999இல் பிறந்த அக்குழந்தை மூளை பாதிப்போடு பிறந்தது. மான்ட்கொமரி வழக்கு எனப்படும் அதில், 2015 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், அந்த நிலையிலுள்ள ஒரு நோயாளிக்கு எது முக்கியமாகத் தோன்றுமோ அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று பழைய கொள்கையை மாற்றி எழுதிற்று.

சிசேரியன் என்றதும் நம் ஊர்க் கணக்கு நினைவுக்கு வருகிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிகளில் ஏறக்குறைய 64. இவற்றுள் எத்தனை தாயின் விருப்பம், எத்தனை அவசரம், எத்தனை சௌகரியம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஒன்று மட்டும் ஊரறிந்த விஷயம்: ஆபரேஷன் என்று முடிவானபின் நாளும் நாழிகையும் குறிக்கச் சோதிடரைக் கலந்துகொள்கிற வீடுகளில், பிரசவிக்கப்போகிறவளைக் கலந்துகொள்ளவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

நேரம் எங்கே?

இவ்வளவையும் கேட்ட ஓர் அரசு டாக்டர், எனக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பார். நியாயமான கேள்வி. 67 நாடுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பாய்வொன்று, ஆரம்பநிலைச் சிகிச்சையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல் என்று கண்டது. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் நாடி பார்த்து, சீட்டு எழுதி, மாற்றுவழிகளையும் விளக்கு என்று ஒருவரை நிர்ப்பந்திப்பது அநீதி. டாக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதனால் ஒரு பிரயோஜனமும் விளையாது.

எனினும் நேரத்தைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அச்சம் சற்று மிகையானது. நோயாளி பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார் என்ற பயத்தினால் டாக்டர்கள் இடைமறிக்கிறார்கள். 1984இல் அமெரிக்காவில் நடந்த பிரசித்தமான ஆய்வு, சராசரியாக 18 விநாடியில் இடைமறித்தல் நிகழ்வதைக் கண்டது. ஆனால் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில், குறுக்கிடாமல் காது கொடுத்துக் கேட்குமாறு டாக்டர்களைப் பழக்கி அளந்து பார்த்தபோது, நோயாளிகள் சராசரியாக 92 விநாடியில் தாமாகவே பேசி முடித்துவிட்டார்கள்.

அதேபோல், நோயாளிக்கு முன்கூட்டியே துண்டுப் பிரசுரமாகவோ படக்காட்சியாகவோ வழிவகைகளை விளக்கிக் கொடுத்தால் என்ன ஆகிறது என்பதை நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைக் கொண்டு ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு, அவர்களுக்கு விஷயம் நன்கு தெரிகிறது, அபாயத்தைச் சரியாக மதிப்பிடுகிறார்கள், முடிவில் தாங்களும் பங்குகொள்கிறார்கள் என்று கண்டிருக்கிறது. டாக்டரின் நேரம் அதனால் பெரிதாக வீணாகவில்லை.

மற்றொன்று, விளக்குவதெல்லாம் டாக்டரே செய்யவேண்டும் என்ற விதியில்லை. இன்றைக்கு நம் ஊர்களில் மருந்தை உண்மையில் விளக்குகிறவர் யார்? மெடிக்கல் ஷாப் பையன். 1-0-1 என்று எழுதிய சீட்டைப் பார்த்து, மாத்திரை அட்டையைக் கத்தரியால் துண்டித்து, காகித உறையின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் காலை, இரவு என்று எழுதி, சாப்பிட்ட பிறகு என்று வாயால் சொல்லி அனுப்புகிறான். துண்டித்ததில் மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் போன இடம் தெரியாது. ஆனாலும் அவன் சொன்னது நினைவில் நிற்கிறது. தமிழில், சுருக்கமாக, நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான் அல்லவா? ஆஸ்பத்திரி அவனிடமிருந்து கற்றுக்கொள்ள வெட்கப்படவேண்டியதில்லை.

மறைக்கும் பாசம்

நோயாளியை ஒதுக்கிவைப்பதில் டாக்டரைக் காட்டிலும் உறவினர்களே முந்திக்கொள்கிற இடமொன்று உண்டு. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டாரு" என்று கதவருகே தாழ்ந்த குரலில் மகன் கெஞ்சாத புற்றுநோய் விடுதி எதுவும் இருக்க முடியாது. அந்தப் பாசத்தை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் கதிர்வீச்சு வார்டில், அக்கம்பக்கத்துக் கட்டில்காரர்களோடு நாள்முழுதும் பேசிக்கொண்டிருக்கும் தகப்பனாருக்குத் தம் நோய் தெரியாது என்று மகன் நினைப்பதும், மகனுக்கு வருத்தம் வேண்டாமென்று தமக்குத் தெரிந்ததைத் தகப்பனார் மறைப்பதுமாக, நிலத்தை எழுதிவைக்கவும், பேத்தி கல்யாணத்தை முன்னதாக நடத்தவும், கடைசி நாட்களை வீட்டிலா, ஐ.சி.யு.விலா கழிப்பது என்று சொல்லவும் இருந்த அவகாசம் கழிந்துபோகிறது.

தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள் என்பவர்கள் உண்டு. அது அவர்கள் உரிமை. அதுவும் ஒரு தீர்மானமே. ஆனால் அதை அவர்கள் வாயால் சொல்ல ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறீர்கள், யார் முன்னிலையில் பேசலாம் என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். விபத்தில் அடிபட்டு நினைவின்றி வருகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. அவசரத்துக்குச் சட்டமே விலக்களிக்கிறது. நாம் பேசுவது, திங்கட்கிழமை வந்து அட்மிட் ஆகுங்கள் என்று சொல்ல அவகாசமிருக்கும் சிகிச்சைகளைப் பற்றி.

இனிச் செய்யக்கூடியவை

முதலாவதாக, சம்மதப் படிவத்தைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒவ்வொரு அறுவைக்கும் தனித்தனியாக எழுதவேண்டும். எல்லா ஆபரேஷனுக்கும் பொருந்துகிற படிவம் எதற்கும் பொருந்தாது. என்ன செய்யப்போகிறோம், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி என்ன, எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம், எவ்வளவு செலவு, அதில் காப்பீடு எவ்வளவு ஏற்கும் என்ற இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். அதை ஆபரேஷனுக்கு முந்தின நாளாவது கையில் கொடுத்து, படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை நோயாளியிடமே விட்டுவிட வேண்டும். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளில், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தரவேண்டும் என்று விதி ஏற்கெனவே கட்டாயப்படுத்துகிறது. பரிசோதனைக்கு வருகிறவருக்குள்ள பாதுகாப்பு வைத்தியத்துக்கு வருகிறவருக்கு இல்லாமலிருப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், திட்டமிட்ட அறுவைகளுக்கு ஆஸ்பத்திரிகள் முன் அனுமதி கோரவேண்டியிருக்கிறது. ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் இணைப்பதுபோல் இந்தத் தமிழ்த் தாளையும் இணைத்தால்தான் அனுமதி என்று அரசு ஓர் ஆணை பிறப்பித்தால், தனியார் ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதத்தில் வழிக்கு வரும். பணம் வரும் வாசலில் வைக்கிற நிபந்தனை மற்ற இடங்களில் வைப்பதைவிடச் சீக்கிரம் பலிக்கும் என்பது உலகறிந்தது.

ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும், அறுவைக்குக் குறிக்கப்பட்டவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதையே வேலையாகக் கொண்ட பயிற்சிபெற்ற நர்ஸ் ஒருவர் வேண்டும். அவருடைய முறை எளியது: சொல்லி முடித்ததும் புரிந்ததா என்று கேட்கக்கூடாது, எவரும் புரிந்தது என்றே தலையாட்டுவார்கள்; வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்கவேண்டும். அந்த விடையில் தவறு இருந்தால் மீண்டும் சொல்லவேண்டும். முதலில் நோயாளியோடு தனியே. பிறகு, அவர் விரும்பினால், உறவினரோடு.

வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு பக்கம் தமிழில் இணையவேண்டும்: எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாள், எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்று. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்தோடு வீடு தேடி வரும் பெண் தன்னார்வலர்கள், அந்தப் பக்கத்தைப் பார்த்து விளக்கப் பழக்கப்படலாம். அவர்கள் அந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிறவர்கள். அவர்களிடம் சந்தேகம் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை.

மருத்துவக் கல்லூரிகளில் 2019 முதல் மனப்பாங்கு, அறநெறி, தொடர்பாற்றல் ஆகியவற்றுக்குத் தனிப் பாடப்பகுதி இருக்கிறது. நல்லது. ஆனால் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதை ஓர் உண்மையான நோயாளியின் முன் நிறுத்தி, தமிழில், இறுதித் தேர்வின் மதிப்பெண்ணோடு சேர்த்துச் சோதிக்கும்வரை மாணவர்கள் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். தேர்வில் வராத பாடத்தை நாமும் படித்ததில்லையே.

தேசிய மருத்துவ ஆணையம் நன்னடத்தை விதிகளை மறுபடி எழுதப்போகும் சமயத்தில், சம்மதம் தரவேண்டியவர் பட்டியலில் நோயாளியை முதலில் வைக்கவேண்டும். மற்றவர்கள், அவரால் இயலாதபோது மட்டும். ஒரு வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிற வேலைதான்.

ஜனங்களும் சில பழக்கங்களைக் கைக்கொள்ளலாம். டாக்டரைப் பார்க்கப் போகுமுன் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப்போகலாம்: வேறு வழி உண்டா, ஒவ்வொன்றிலும் நன்மை தீமை என்ன, சற்றுப் பொறுத்துப் பார்க்கலாமா. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போகலாம். வேறொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்பதை நம்பிக்கைத் துரோகமாக எண்ணவேண்டாம். ரிக்கார்டுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று அதே 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, கேட்கலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் நாடெங்கும் நடத்த முடியாது என்பார்கள். சரி, ஒரே ஓர் அறுவையோடு தொடங்கலாம். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுப்பதற்காக மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மாநிலங்கள் 3 மாதத்துக்குள் ஏற்கவேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதையே முகாந்தரமாகக் கொண்டு, இரண்டு மூன்று மாவட்டங்களில், கருப்பை நீக்கத்துக்குக் குறிக்கப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தமிழ்த் தாளும் பத்து நிமிடப் பேச்சும் கிடைக்கும்படி செய்யட்டும். ஓராண்டு முடிவில், எத்தனை பேர் ஆபரேஷனுக்கு இசைந்தார்கள், எத்தனை பேர் மாத்திரையையோ காத்திருத்தலையோ தெரிந்தெடுத்தார்கள், ஆறு மாதம் கழித்து அவர்களுள் எத்தனை பேர் தம் முடிவில் திருப்தியோடு இருக்கிறார்கள் என்ற கணக்கைச் சுகாதாரத் துறை அச்சிட்டு வெளியிடட்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் சிசேரியனுக்கும் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கும் இதை விரிக்கலாமா என்று சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது பேசலாம்.